கொசுறு முதல் விமானச்சீட்டு வரை: இலவசம் நம்மைப் பிடித்து இழுப்பது எப்படி?

1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிரிட்டனில் இயங்கிய ஹூவர் நிறுவனம், விற்காமல் தேங்கிக் கிடந்த வாக்குவம் கிளீனர்களையும் சலவை இயந்திரங்களையும் தள்ளிவிடுவதற்காக ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நூறு பவுண்டுக்குக் குறையாமல் பொருள் வாங்குவோருக்கு, இரண்டு பேர் அமெரிக்கா சென்று திரும்புவதற்கான விமானச்சீட்டுகள் இலவசம் என்பதே அது. சீட்டுகளின் விலையோ பொருளின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். படிவம், நிபந்தனை, காத்திருப்பு என்று இழுத்தடித்தால் பாதிப் பேர் சலித்து விலகிவிடுவார்கள் என்று நிறுவனம் போட்ட கணக்கு பொய்த்துப்போனது. வாக்குவம் கிளீனரே தேவைப்படாதவர்கள்கூட அதை வாங்கினார்கள். உறை பிரிக்காத இயந்திரங்கள் பழைய பொருள் சந்தையில் மலிந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பறந்தனர். நிறுவனத்துக்கு ஏறத்தாழ 5 கோடி பவுண்டு செலவானது, மேலாளர்கள் பதவி இழந்தார்கள், 1995இல் ஹூவரின் ஐரோப்பியப் பிரிவு இத்தாலியின் கேண்டி நிறுவனத்திடம் விற்கப்பட்டது.

இந்தக் கதையை இலவசத்துக்கு அலையும் மனிதரைப் பற்றிய கேலிக்கதையாகச் சொல்வது வழக்கம். உண்மையில் இதில் கணக்கு மக்கள் பக்கம்தான் சரியாக இருந்தது. நூறு பவுண்டைக் கொடுத்து பல நூறு பவுண்டு பெறுமானமுள்ள ஒன்றைப் பெறுவதில் மடமை ஏதுமில்லை. ஆராய வேண்டியது வேறு: கணக்கு நம் பக்கம் இல்லாதபோதும் ஏன் அதே வேகத்தில் ஓடுகிறோம்? சலவைத்தூளோடு ஒட்டி வரும் பிளாஸ்டிக் வாளிக்காக, வழக்கமாகப் பயன்படுத்தும் தூளை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கி, வீட்டில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கும் வாளிகளோடு இதையும் அடுக்குகிறவரை எந்த லாபக் கணக்கும் காப்பாற்றாது.

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று இத்தகையவரைப் பழிப்பது நம் ஊர் வழக்கம். பேராசை, அல்லது இல்லாமை என்ற இரண்டு விளக்கங்களே அந்தப் பழிப்புக்குள் அடங்கியிருக்கின்றன. இல்லாமையை முதலில் ஒதுக்கிவிடலாம். நியாயவிலைக் கடையில் விலையில்லா அரிசிக்கு நிற்பவர் தேவைக்காக நிற்கிறார். அவரை இந்தக் கட்டுரையின் பேசுபொருளோடு சேர்ப்பது அநியாயம். நட்சத்திர விடுதி அறையைக் காலி செய்யும்போது சோப்பையும் ஷாம்பு புட்டிகளையும் பையில் போட்டுக்கொள்பவருக்கு அவற்றை வாங்கக் காசு இல்லாமலில்லை. பேராசை என்பதும் பெயர் சூட்டுகிறதே ஒழிய, எதையும் விளக்குவதில்லை.

விலை சுழியைத் தொடும்போது மனத்தின் கணக்குமுறையே மாறுகிறது என்பதைக் காட்டிய ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. கிறிஸ்டினா ஷாம்பானியர், நீனா மசார், டான் ஏரியலி ஆகிய மூவரும் இரண்டு வகைச் சாக்லேட்டுகளை விற்பனைக்கு வைத்தனர். ஒன்று, உயர்தரமான லிண்ட் ட்ரஃபிள், 15 சென்ட். மற்றொன்று, சாதாரண ஹெர்ஷீஸ் கிஸ், ஒரு சென்ட். வாங்கியவர்களில் 73 விழுக்காட்டினர் லிண்டைத் தேர்ந்தெடுத்தனர். பிறகு இரண்டின் விலையிலும் ஒரு சென்ட்டைக் குறைத்தார்கள். லிண்ட் 14 சென்ட், கிஸ் இலவசம். விலை வேறுபாடு அதே 14 சென்ட்தான், தரத்திலும் மாற்றமில்லை. ஆயினும் இம்முறை 69 விழுக்காட்டினர் கிஸ்ஸை எடுத்துக்கொண்டனர். பையிலிருந்து சில்லறை எடுக்கும் சோம்பல்தான் காரணமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, சாப்பாட்டுக் கூடத்தில் எப்படியும் பணம் கட்டவிருந்தவர்களின் ரசீதிலேயே சாக்லேட் விலையையும் சேர்த்துப் பார்த்தார்கள், முடிவு மாறவில்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி அதன் பின்னால் வருவது. தேர்ந்தெடுப்பதற்கு முன், கிஸ்ஸைவிட லிண்ட் எவ்வளவு அதிகமாகப் பிடிக்கும், அதற்காகக் காசு கொடுப்பது எவ்வளவு கசக்கும் என்று ஒப்பிட்டுச் சொல்லவைத்தபோது, இலவசத்தின் கவர்ச்சி கரைந்துவிட்டது. ஆகவே இலவசம் நம் அறிவை அழித்துவிடுவதில்லை. அறிவைக் கூப்பிடுவதற்கு முன்பே முடிவை எடுக்கவைத்துவிடுகிறது.

சுழிக்கு ஏன் இந்தத் தனிச் சலுகை? உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்த கோட்பாட்டில் இதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. ஒரு தொகை கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியைவிட, அதே தொகை கைவிட்டுப் போவதால் வரும் வருத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமானது. ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கும் எதிலும், இது அந்த ஐந்து ரூபாய்க்குத் தகுமா, ஏமாந்துவிட்டோமா என்ற கேள்வி உடன் வருகிறது. விலை சுழியானதும் அந்தக் கேள்வியே எழுவதில்லை. இழப்பின் பக்கம் வெறுமையாகி, கிடைத்தது மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. வரிசையில் நின்ற நேரமும், கூடவே வாங்கிய வேண்டாத பொருளும், கொடுத்தவருக்குப் பட்ட கடனும் அந்த நொடியில் கணக்கில் ஏறுவதில்லை. கடன் என்று சொல்வது மிகையன்று. டென்னிஸ் ரீகன் 1971இல் வெளியிட்ட சோதனையில், கேட்காமலேயே ஒரு புட்டி கோக் வாங்கித் தந்தவர் பின்னர்க் குலுக்கல் சீட்டு விற்க வந்தபோது, எதையும் பெறாதவர்கள் வாங்கியதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டுகளை, கோக் பெற்றவர்கள் வாங்கினார்கள். கடைவாசலில் தட்டில் நீட்டப்படும் அல்வாத் துண்டு இலவசம்தான். ஆனால் அதைத் தின்றபின் வெறுங்கையோடு வெளியேறச் சிலருக்குக் கால் வருவதில்லை.

இனி, காய்கறிக் கடைக்கு வருவோம். தக்காளியும் கத்தரிக்காயும் வெங்காயமுமாக இருநூறு ரூபாய்க்கு வாங்கிய ஒருவர், தராசு முள்ளைக்கூடச் சரியாகக் கவனிக்காமல் பணத்தை நீட்டிவிடுகிறார். ஆனால் பையை மூடுவதற்கு முன், ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் சிறிது கொத்தமல்லியும் விழுந்தாக வேண்டும். கொத்தமல்லி விலை ஏறிய நாளில் கடைக்காரர் அதைத் தர மறுத்தால் அங்கே எழும் முறைப்பு, கத்தரிக்காய் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடியபோது எழுந்ததில்லை. கறிவேப்பிலையைத் தனியே விலை கொடுத்து வாங்க அவருக்கு இயலும். இருந்தும் வாங்கமாட்டார். கொசுறாகக் கிடைத்த கறிவேப்பிலையும் காசு கொடுத்து வாங்கிய கறிவேப்பிலையும் தாளிக்கும்போது ஒன்றாகவே மணக்கும். ஆனால் மனத்தில் இரண்டும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டுக்குப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985இல் ஒரு பெயர் கொடுத்தார். ஒரு பொருளை வாங்கும்போது நமக்கு இரண்டு வகைப் பயன் கிடைக்கிறது என்பது அவர் வாதம். ஒன்று பொருளிலிருந்து வரும் பயன். மற்றொன்று பேரம் எப்படி அமைந்தது என்பதிலிருந்து வரும் பயன். இரண்டாவதைப் பரிவர்த்தனைப் பயன் எனலாம். கடற்கரையில் வெயிலில் படுத்திருக்கும்போது நண்பர் ஒருவர் குளிர்ந்த பீர் வாங்கிவரக் கிளம்புகிறார், அதிகபட்சம் என்ன விலை கொடுக்கலாம் என்று தேலர் மக்களைக் கேட்டார். வாங்கும் இடம் ஆடம்பர விடுதி என்றபோது சராசரி மனிதர் 2.65 டாலர் வரை ஒப்பினார். இடிந்த சிறு மளிகைக் கடை என்றபோது 1.50 டாலருக்கு மேல் மனம் வரவில்லை. குடிப்பது அதே மணலில், அதே பீரை. மாறியது, இந்த விலை நியாயம்தான் என்று மனம் வைத்திருக்கும் அளவுகோல் மட்டுமே. தேலருக்கு 2017இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பயனை வாடிக்கையாளரிடமிருந்து பறித்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நிறுவனம் தன் செலவிலேயே செய்து காட்டியது. அமெரிக்காவின் ஜே.சி.பென்னி அங்காடிகளுக்குத் தலைமையேற்ற ரான் ஜான்சன், 2012இன் தொடக்கத்தில் கூப்பன்களையும் ஓயாத தள்ளுபடிகளையும் நிறுத்தி, ஏற்றி இறக்கும் நாடகம் ஏதுமின்றி நேரடியாகவே குறைந்த விலையைச் சீட்டில் அச்சிட்டார். நேர்மையான ஏற்பாடு. அந்த ஆண்டில் மட்டும் விற்பனை ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேறினார், கூப்பன்கள் திரும்பிவந்தன. நூறு டாலர் என்று அடித்துவிட்டு அறுபதுக்குத் தரும் சட்டையும், தொடக்கத்திலிருந்தே அறுபது என்றிருக்கும் சட்டையும் பணப்பைக்கு ஒன்றுதான். முதல் சட்டையில் வாங்குபவர் ஜெயித்திருக்கிறார். இரண்டாவதில் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆடித் தள்ளுபடிக்குத் தியாகராய நகரில் நெரிசலில் பிதுங்கி வந்தவர், வாங்கிய புடவையை விரித்துக் காட்டும் முன்பே அதன் பழைய விலையையும் புதிய விலையையும் சொல்லிவிடுவதன் காரணமும் இதுவே.

இதுவரை பார்த்தது பணம் கொடுப்பதற்கு முன் நடப்பது. கொடுத்தபின் வேறொரு பொறி இயங்கத் தொடங்குகிறது. போட்ட காசை எடுத்தாக வேண்டும் என்ற அந்த நச்சரிப்பைப் பொருளியலார் மூழ்கிய செலவின் விளைவு என்பார்கள். பஃபே உணவகத்தில் இதை அருகிலிருந்து பார்க்கலாம். பழகியவர் சோற்றின் பக்கம் திரும்பமாட்டார். சூப்பை வயிற்றை அடைக்கும் சூழ்ச்சி என்று கருதி விலக்குவார். இறாலுக்கும் ஆட்டிறைச்சிக்கும் நேரே போவார். இரண்டாம் தட்டோடு பசி முடிந்துவிட்டாலும், கட்டிய ஆயிரம் ரூபாய் இன்னும் வசூலாகவில்லை என்பதால் மூன்றாம் தட்டு எழுகிறது. அந்த ஆயிரம் எப்படியும் திரும்பி வரப்போவதில்லை என்பதால், இனி உண்ணலாமா வேண்டாமா என்பதை வயிறு மட்டுமே தீர்மானிக்க வேண்டும் என்று பொருளியல் சொல்லும். மனமோ கட்டணத்தைத் திறந்த கணக்காக வைத்துக்கொண்டு, அதை நட்டத்தில் மூட மறுக்கிறது.

ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆண்டு முழுவதற்குமான நாடகச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், சிலருக்கு 2 டாலர் குறைத்தும், வேறு சிலருக்கு 7 டாலர் குறைத்தும், யாருக்கு எந்த விலை என்று ஆள் பார்க்காமல் சீட்டுக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் நாடக ஆர்வம் ஒரே அளவுதான். இருந்தும் முழு விலை கொடுத்தவர்களே பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குச் சென்றார்கள். இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. கட்டிய பணம் மனத்தில் நாளடைவில் தேய்கிறது என்பதை ஜான் கோர்வில், திலீப் சோமன் ஆகியோர் 1998இல் உடற்பயிற்சிக் கூடத்தில் கண்டார்கள்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் செலுத்துவோரின் வருகை, கட்டிய மாதத்தில் உயர்ந்து, பின் படிப்படியாகத் தாழ்ந்து, அடுத்த தவணையில் மீண்டும் உயர்ந்தது. காசை எடுக்கும் வெறி நிரந்தரமானதன்று. பணம் வலித்த அளவுக்கும் வலித்த நாள்வரைக்கும்தான் அது நீடிக்கிறது.

வலி என்ற சொல்லை இங்கே ஓரளவு நேர்ப்பொருளிலேயே பயன்படுத்தலாம். ப்ரையன் நட்ஸனும் குழுவினரும் 2007இல், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தவர்களுக்கு முதலில் பொருளையும் பிறகு விலையையும் காட்டினார்கள். பிடித்த பொருளைக் கண்டபோது மூளையில் இன்பத்தின் எதிர்பார்ப்போடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்ற பகுதி சுறுசுறுப்பானது. விலை மிகையாகத் தோன்றியபோது, வலி, அருவருப்பு போன்ற உணர்வுகளோடு தொடர்புடைய இன்சுலா என்ற பகுதி கிளர்ந்தது. குழுவில் ஒருவரான ஸ்காட் ரிக், மறு ஆண்டில் சிந்தியா க்ரைடர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் ஆகியோருடன் சேர்ந்து, பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இந்த வலி ஆளுக்கு ஆள் எப்படி வேறுபடுகிறது என்று அளந்தார். செலவழிக்கக் கைவராதவர்கள் ஒருபுறம், கட்டுப்பாடின்றிச் செலவழிப்பவர்கள் மறுபுறம். முன்னவர்கள் பின்னவர்களைவிட மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் மிகுதி. சிக்கனக்காரர் இவர்களிலிருந்து வேறு. அவர் சேமிப்பதில் இன்பம் காண்பவர். கைவராதவரோ செலவழிப்பதில் துன்பம் காண்பவர். ஒரே ஐந்து டாலர் கட்டணத்தைச் ‘சிறிய ஐந்து டாலர் கட்டணம்’ என்று குறிப்பிட்டதுமே, கைவராதவர்கள் அதைச் செலுத்தும் விருப்பம் கணிசமாகக் கூடியது. மற்றவர்களிடம் அந்த ஒரு சொல் அத்தகைய மாற்றத்தை உண்டாக்கவில்லை.

ஆகவே எல்லாரிடமும் உள்ள பொறி சிலரிடம் மட்டும் ஏன் இத்தனை வேகமாகச் சுழல்கிறது என்பதற்கு, என் கணிப்பில், குறைந்தது இரண்டு தனித்தனி விடைகள் உள்ளன. பணம் கொடுக்கும்போது மிகுதியாக வலிப்பவருக்கு இலவசம் மட்டுமே வலியற்ற கொள்முதல். கொடுத்தே தீர வேண்டியிருந்தால், கடைசிச் சொட்டுவரை பிழிவது அந்த வலிக்கான மருந்து. இன்னொருவருக்கு வலியே பெரிதில்லை. பேரத்தின் வெற்றிதான் சுவை. டொனால்ட் லிக்டன்ஸ்டைன், ரிச்சர்ட் நெட்மேயர், ஸ்காட் பர்ட்டன் ஆகியோர் 1990இலேயே இதைப் பிரித்துக் காட்டினார்கள்: கொடுக்கும் காசுக்கும் பெறும் தரத்துக்கும் உள்ள பொருத்தத்தை எடைபோடுவது ஒரு குணம், கூப்பன் என்ற வடிவத்துக்கே மயங்குவது வேறொரு குணம். ஒருவரிடம் இரண்டும் இருக்கலாம். ஆனால் முதல் குணம் மட்டும் உள்ளவர் பிளாஸ்டிக் வாளியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார்.

வயதும் இதில் குறுக்கிடுகிறது. ஜோநெல் ஸ்ட்ரோவும் உடன் ஆய்ந்தவர்களும் 2008இல், தொலைக்காட்சியில் தொடங்கிய திரைப்படம் ஐந்தே நிமிடத்தில் சலித்துப்போனால் மேலும் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்று, கல்லூரி இளைஞர்களையும் முதியவர்களையும் கேட்டார்கள். ஒருமுறை படத்துக்குப் பணம் கட்டியதாகவும் மறுமுறை அது இலவசமாக வந்ததாகவும் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பணம் கட்டிய படத்தை இழுத்துப் பிடித்துப் பார்க்கும் போக்கு இளைஞர்களிடமே மிகுந்திருந்தது. முதியவர்களோ, கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் படத்தை நிறுத்திவிடத் தயாராக இருந்தார்கள்.