விலைபோறவர்னா யாரு?

போன மாசம் சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு கம்பெனிக்கு லஞ்சத் தடுப்பு ட்ரெய்னிங் எடுக்கப் போனேன், ஸ்லைடைத் தமிழ்ல போட்டுக் கொடுத்த தம்பி 'வீனல்' (venal)ங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு நேரா "மன்னிக்கத்தக்க"ன்னு எழுதி வச்சிருந்தாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, 'வீனியல்' (venial)னு இன்னொரு வார்த்தை இருக்கு, இங்கிலீஷ்ல ஒரே ஒரு எழுத்துதான் கூட, மன்னிச்சு விடக்கூடிய சின்னத் தப்பைச் சொல்றது அதுதான். வீனல் வேற. லத்தீன்ல விற்பனையைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்தது, காசைக் காட்டினா வாங்கிடலாம்ங்கிற நிலைமைல இருக்கிற ஆளு. நாம "அவன் விலைபோயிட்டான்"னு சொல்றோம்ல, அதே சந்தைக் கணக்குதான்.

ஆனா ஒண்ணு, விலைபோயிட்டான்னா வியாபாரம் முடிஞ்சுபோச்சு. வீனல்னா விலைபோகக்கூடியவர், காசு இன்னும் கைமாறாமகூட இருக்கலாம். அதனால "ஊழல் செய்தவர்"னு போடாதீங்க, அது பெரிய குற்றச்சாட்டு. தம்பியை "விலைபோகக்கூடிய"ன்னு மாத்தச் சொன்னேன்.

நம்ம ஊர் லஞ்சத் தடுப்புச் சட்டமும் (1960ல வந்தது) வியாபாரம் முடியுற வரைக்கும் காத்திருக்கிறதில்ல. வாங்கிக்கிறேன்னு ஒத்துக்கிட்டாலே மாட்டிக்கலாம். வாங்கிட்டு, வேலைய முடிச்சுக் கொடுக்கலன்னாலும், முடிச்சுக் கொடுக்கிற அதிகாரமே நமக்கு இல்லன்னாலும் தப்பு தப்புதான். கவர்மென்ட் ஆளுங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, தனியார் கம்பெனிக்கும் இதே சட்டம்தான். 100,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

பிரேக்ல ஸ்டோர் பாக்குற அண்ணன் ஒருத்தர் பக்கத்துல வந்தாரு. "சார், சரக்கை முன்னாடி இறக்கிவிடச் சொல்லி லாரிக்காரங்க கோப்பி காசுன்னு ரெண்டு வெள்ளி கொடுக்குறாங்க, எல்லா இடத்துலயும் மாமூல்தானே, இதெல்லாமா லஞ்சம்?"

அந்த 'மாமூல்' இருக்கே, அதுக்கு அர்த்தமே வழக்கமா நடக்குறதுன்னுதான். மழை வெள்ளம் வடிஞ்சா "மாமூல் வாழ்க்கை திரும்பியது"ன்னு பேப்பர்ல போடுவாங்கல்ல. லஞ்சத்துக்கு அந்தப் பேரை வச்சவன் கெட்டிக்காரன், சாக்கையும் சேர்த்தே வச்சிட்டான். ஆனா அந்தச் சாக்கு இங்க செல்லாது, இந்தத் தொழில்ல இது வழக்கம்னு கோர்ட்ல சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு சட்டத்தோட 23வது பிரிவுலயே இருக்கு. 2018ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற ரெண்டு பேர் மேல லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவான சிபிஐபி கேஸ் போட்டப்போ, கன்டெய்னர் லாரியைத் தாமதப்படுத்தாம இருக்க அவங்க வாங்கினதாச் சொன்னது பெரும்பாலும் தடவைக்கு ஒரு வெள்ளி. ஒரே வெள்ளி!

அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "காசா வாங்காம, கோப்பியாவே வாங்கிக் கொடுத்தா?"

எதுக்குக் கொடுக்குறாருன்னு பாருங்கண்ணே, அவர் லாரியை முன்னாடி விடணும்னு கொடுத்தா பொருளா இருந்தாலும் சலுகையா இருந்தாலும் அதேதான், பாலும் சீனியும் போடாத கோப்பி ஓ கோசோங்கா இருந்தாலும் அதேதான்னேன். சிரிச்சாரு. அவர் கையில தொங்கிட்டிருந்த கோப்பிப் பாக்கெட் யாரு வாங்கிக் கொடுத்ததுன்னு நான் கேக்கல.