அம்பு எய்பவர் ஒருவர், தடம் தேடிப் போகிறவர் வேறொருவர்

காட்டு விலங்குகளுக்கு மருத்துவம் பார்ப்பது என் தொழில். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், மயக்க ஊசித் துப்பாக்கியோடு காட்டெருமைக்கு 30 மீட்டர் பக்கத்தில் மூச்சை அடக்கி நின்ற நாட்கள் நிறைய உண்டு. வில்லோடு வேட்டைக்கு வருகிறவரும் ஏறக்குறைய அதே தூரத்தில்தான் நிற்கிறார். என் ஊசி தப்பான இடத்தில் தைத்தால் மாற்று மருந்து கொடுத்து விலங்கை எழுப்பிவிடலாம். அவருடைய அம்புக்கு மாற்று மருந்து கிடையாது.

ஒருமுறை, முன்னங்காலை ஊன்ற முடியாமல் மந்தையை விட்டு ஒதுங்கி நின்ற கிழட்டு எருமை ஒன்றைப் பார்க்க அழைத்தார்கள். மயக்கிப் படுக்க வைத்துப் பார்த்தேன். தோளில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் ரோமம் சீழில் ஒட்டிக் காய்ந்திருந்தது. விரலை உள்ளே விட்டதும் உலோகம் தட்டுப்பட்டது. அம்பின் தண்டு எப்போதோ முறிந்து விழுந்துவிட்டது. முனை மட்டும் தோள்பட்டை எலும்பில் பதிந்து கிடந்தது. அந்த எருமையை நான் எழுப்பவில்லை. எய்தவர் ஊர் திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

பெரிய விலங்குகளுக்குப் பயன்படும் .375 துப்பாக்கிக் குண்டின் ஆற்றல் 5,700 ஜூல் அளவில் இருக்கும். மிகக் கடினமான வில்லிலிருந்து புறப்படும் கனத்த அம்புக்கு 130 ஜூல் தேறினால் அதிகம். அம்பு அடித்து வீழ்த்துவதில்லை, அறுத்துக் கொல்கிறது. இரண்டு நுரையீரலையும் துளைத்துவிட்டால் விலங்கு விரைவில் சாய்ந்துவிடும். ஒரு சாண் முன்னே போனால் எலும்பு, பின்னே போனால் குடல். குடலில் பட்ட விலங்கு சாக எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறி பார்த்த இடத்திலேயே அம்பு தைக்கும் என்பதும் நிச்சயமில்லை. நாண் அதிரும் ஓசை 30 மீட்டரைக் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அம்புக்கோ பத்தில் நான்கு பங்குக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் விலங்கு திரும்பிவிடுகிறது.

2015இல் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே அம்பு பட்ட சிங்கம் சிசில், பல மணி நேரம் உயிரோடு கிடந்த பிறகே கொல்லப்பட்டது. நடமாட்டத்தைக் கண்காணிக்க ஆராய்ச்சியாளர்கள் கழுத்தில் பட்டை கட்டியிருந்த சிங்கம் என்பதால் உலகமே பேசியது. நான் பார்த்த எருமையின் கழுத்தில் பட்டை இல்லை.

வில் வேட்டைக்காரர்கள் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியும். துப்பாக்கியை ஒதுக்கிவிட்டு, விலங்குக்குச் சமமாக, அபாயத்தை ஏற்று நிற்கிறோம் என்பார்கள். நெருங்கிப் போவதற்கு வேண்டிய பொறுமையும் பயிற்சியும் லேசானவை அல்ல. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அபாயத்தை ஏற்பது யார்? எய்பவரின் தோளுக்குப் பக்கத்திலேயே வழிகாட்டி கனரகத் துப்பாக்கியோடு நிற்கிறார். அம்பு பிசகினால் இரத்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு புதருக்குள் முதலில் நுழைவது தடம் பார்க்கும் கூலி ஆள். காயம்பட்ட எருமை அடர்ந்த புதரில் எதிரே வருவதை ஆள் காண்பது பத்தடி தூரத்தில்தான். அவர் தலையைக் குனிந்து, புல் நுனியில் இருக்கும் சொட்டுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகிறவர். துணிச்சல் என்ற பெயர் மட்டும் இன்னொருவருக்குப் போகிறது.

சட்டம் எதை அனுமதிக்கிறது என்பது வேறு கணக்கு. வில் வேட்டைக்கு வரலாமா என்று என்னிடம் யோசனை கேட்பவர்களிடம், காயம்பட்ட விலங்கைத் தேடும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் வண்டியில் என்கிறார்கள். அவர்களை வில்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வேன்.

ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. பதினோரு நாள் காட்டில் அலைந்து மூன்று முறை வில்லை இழுத்தார், ஒரு முறையும் விடவில்லை. கடைசி நாள் பெரிய எருமை ஒன்று முகத்தைக் காட்டி நேராக நின்றது. நுரையீரலுக்கு வழியில்லாத கோணம். கை நடுங்க, இழுத்த நாணை மெல்லத் தளர்த்தினார். திரும்பி வரும்போது வண்டியில் அவர் பேசவே இல்லை. தடம் பார்ப்பவர்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.