ஜூனியர் யூரோவிஷனில் ஜார்ஜியா: ஒரு மூன்று நிமிடப் பாட்டு ஜெயிக்கும் விதம்

கருங்கடலுக்குக் கிழக்கே, காகசஸ் மலைத்தொடரை ஒட்டியிருக்கும் ஜார்ஜியாவின் மக்கள்தொகை நாற்பது லட்சத்துக்கும் குறைவுதான். ஐரோப்பாவில் ஆண்டுதோறும் நாடுகளுக்கிடையே நடக்கும், சிறுவர்களுக்கான ஜூனியர் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அந்த நாடு 2008, 2011, 2016, 2024 என நான்கு முறை முதலிடம் பிடித்திருக்கிறது. 2025-ல் பிரான்ஸும் நான்கைத் தொட்டது. வேறு எந்த நாடும் தொடவில்லை. போட்டி 2003-ல் கோபன்ஹேகனில் தொடங்கியது. ஜார்ஜியா 2007-ல் ரோட்டர்டாமில் சேர்ந்தது, அதற்குப் பிறகு ஓர் ஆண்டுகூட விடவில்லை. இந்தத் தொடர்ச்சிதான் பெரிய பலம். ஒரு குழந்தைக்கு இந்த மேடையில் ஏறக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. பாடகரை அவசரத்துக்குத் தேடிப் பிடிக்க முடியாது, வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போதைய விதிப்படி இறுதிச் சுற்று நாளன்று பாடுபவருக்கு 9 முதல் 14 வயது இருக்க வேண்டும். மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. ஜார்ஜியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனம் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் ‘ரானினா’ என்ற தொலைக்காட்சிப் போட்டி வழியாகத் தன் பாடகரைத் தேர்ந்தெடுத்து வருகிறது. அதில் சிறுவர்கள் சுற்றுக்குச் சுற்று வெவ்வேறு வகைப் பாட்டுகளைப் பாட வேண்டும். ஒரே நாள் குரல் தேர்வு ஒருவருடைய நல்ல நாளைத்தான் காட்டும். பல சுற்றுகள் சளி பிடித்த நாளையும், வரி மறந்த நாளையும், பழக்கமில்லாத தாளத்தில் திணறிய நாளையும் சேர்த்துக் காட்டிவிடும். நேரலை மேடைக்கு யார் தாங்குவார் என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்த சிக்கல் மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் உடைவது. பருவத்துக்கு முன் ஆண், பெண் இருபாலர் குரலும் பேச்சில் ஏறக்குறைய 250 முதல் 300 ஹெர்ட்ஸில் இருக்கும். பையன்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. முடிவில் குரல் ஒரு ஸ்தாயி அளவு இறங்கி 120 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிற்கும். பெண்குழந்தைகளுக்கும் குரல் இறங்கும், ஆனால் சில அரைச்சுரங்கள்தான். போட்டி நடப்பதோ நவம்பர், டிசம்பரில். கோடையில் பதிவு செய்த பாட்டின் உச்ச சுரம், மேடையேறும்போது 13 வயதுப் பையனுக்கு எட்டாமல் போகலாம். அதனால் அனுபவமுள்ள இசையமைப்பாளர் பாட்டை முழு எல்லைக்கும் இழுக்க மாட்டார். மேலே ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை மிச்சம் வைத்தே அமைப்பார். சுருதி இறக்கிய மாற்று டிராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) ஒன்றையும் தயாராக வைத்திருப்பது நல்லது. இறுதி டிராக்கை ஒப்படைத்துவிட்டால் அப்புறம் கை வைக்க முடியாது.

மூச்சுக் கணக்கும் பெரியவர்களுக்குப் போடும் கணக்கு இல்லை. பத்து வயதுக் குழந்தை ஆழ இழுத்து முழுதாக வெளிவிடும் காற்று சுமார் இரண்டு லிட்டர். பெரியவர்களுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. ஆகவே வரிகள் சிறிதாக உடைய வேண்டும், ஒவ்வொரு மூச்சுக்கும் டிராக்கிலேயே இடம் விட வேண்டும். நீண்ட உச்ச சுரம் வருமிடத்தில் நடனத்தை நிறுத்தி ஆளை நிற்க வைப்பதற்கும் காரணம் இதுதான். குதித்து முடித்த கையோடு இழுக்கச் சொன்னால் சுரத்தின் வால் தளர்ந்து சுருதி கீழே போகும்.

மொழி விஷயத்தில் போட்டி கறாரானது. பாட்டின் பெரும்பகுதி அந்த நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். பிற மொழிக்கு ஒரு பங்குதான் இடம். புரியாத மொழியில் பாடி எல்லா நாட்டுக்காரர்களையும் கவர வேண்டும் என்றால் சொல்லைவிட ஒலி பேச வேண்டும். இங்கே ஜார்ஜியாவுக்குக் கைகொடுப்பது அதன் பழைய மூன்று குரல் நாட்டுப்பாட்டு மரபு. யுனெஸ்கோ 2001-லேயே அதை உலகப் பாரம்பரியக் கலையாக அறிவித்தது. மூன்று பேர் மூன்று தனித்தனி வழியில் போய் ஒன்றாகச் சேரும் பாடல்முறை அது. பக்கத்தில் ஒருவர் வேறு சுரம் பிடித்து நிற்கும்போது தன் சுரத்தை விடாமல் பாட இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. 2008-ல் லிமாசோலில் ஜெயித்த ‘பிஸிகெபி’ குழு இதன் உச்சம்: தேனீ உடையில் மூன்று குழந்தைகள், எந்த மொழியிலும் இல்லாத ரீங்காரச் சொற்கள், 154 புள்ளி. மொழி என்ற தடையையே ஆயுதமாக்கிய அந்தத் துணிச்சல் இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே சிறந்த யோசனைகளில் ஒன்று.

மேடையில் இசை டிராக்கிலிருந்து வருகிறது, முதன்மைக் குரல் நேரலை. அரங்க ஒலிபெருக்கியிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி வந்து சேர 100 மில்லிவிநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தாள அடி ஓடும் பாட்டில் ஓர் அடி 500 மில்லிவிநாடி. அரங்கத்தில் கேட்பதை நம்பிப் பாடினால் அடியில் ஐந்தில் ஒரு பங்கு பின்தங்குவார்கள். அதற்காகத்தான் காதுக்குள் இன்-இயர் மானிட்டர்: டிராக்கைத் தாமதமில்லாமல் நேராகக் காதில் ஒலிக்கும் சின்னக் கருவி. குழந்தைகளுக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. காதுக்குழாய் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் அச்செடுத்துச் செய்த இன்-இயர் சில மாதத்திலேயே தளர்ந்துவிடும். இடைவெளி விழுந்தால் முதலில் காணாமல் போவது பேஸ், அதாவது இசையின் கீழ்ச் சுர ஒலி. பேஸ் இல்லாவிட்டால் சுருதிக்குப் பிடிமானம் இல்லை. இசை தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். குழந்தை தன்னையறியாமல் அழுத்திப் பாடும், நெஞ்சிலிருந்து வரும் காற்றழுத்தம் கூடும், சுருதி மேலே ஏறும். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் ‘பதற்றம்’ என்பார்கள். சின்ன அளவு ஃபோம் முனையை மாற்றி, ஒயரைக் காதுக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டி, ஆடும்போது இழுபடாமல் முதுகில் கொஞ்சம் தளர்வு விட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். ஒரு பக்க இன்-இயரைக் கழற்றிவிட்டுப் பாடும் பழக்கத்தை ஒத்திகையிலேயே நிறுத்த வேண்டும். ஒரு காதில் டிராக்கும் மறு காதில் தாமதமான அரங்க ஒலியும் கேட்டால் தாளம் நிற்காது.

இனி புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு நாட்டு நடுவர் குழுவும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளுக்கு 12, 10, 8 முதல் 1 வரை கொடுக்கிறது. கூட்டினால் 58. 2024-ல் மட்ரிட்டில் 17 நாடுகள், ஆகவே நடுவர்கள் தந்தது 58 × 17 = 986 புள்ளி. இணைய வாக்குக்கும் அதே 986 ஒதுக்கப்படுகிறது, ஆனால் அது தர வரிசைப்படி பிரிவதில்லை. மொத்த வாக்கில் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதப் புள்ளி. வாக்களிப்பவர் குறைந்தது மூன்று பாட்டுகளையாவது தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்த நாட்டுக்கும் போடலாம், ஆனால் மீதி வாக்குகள் வெளியே போயே தீரும். எல்லோரும் ஒரே நாட்டுக்குப் போட்டாலும் அதன் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டாது. இந்தப் போட்டியின் ஆகச் சிறந்த விதி இதுதான். இது இல்லாவிட்டால் மக்கள்தொகை பெரிதான நாடுகள் ஆண்டுதோறும் கோப்பையை எடுத்துப் போயிருக்கும்.

இதன் விளைவு, இணையப் புள்ளிகள் சராசரியான 58-ஐச் சுற்றியே குவியும். சராசரியில் பாதி வாங்கியவருக்கு 29, ஒன்றரை மடங்கு வாங்கியவருக்கு 87. நடுவர் பக்கத்திலோ பூஜ்யம் முதல் 12 × 16 = 192 வரை விரியும். பெரிய இடைவெளி உருவாவது அங்கேதான். நடுவர் குழுவில் மூன்று இசைத் துறையினரும் இரண்டு சிறுவர்களும் இருப்பதால் நேரலையில் தப்பாத சுருதிக்கு மதிப்பு அதிகம். குரலில் முதலீடு செய்யும் சின்ன நாட்டுக்கு இது சாதகம். 2024-ல் ஜார்ஜியா நடுவர் வாக்கில் முதலிடத்தில் நின்றே கோப்பையை எடுத்தது.

2005 முதல் 2015 வரை யாரும் பூஜ்யத்தில் நிற்கக்கூடாது என்று எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே 12 புள்ளி கொடுத்தார்கள். வரிசையை அது மாற்றவில்லை, குழந்தைகளின் முகத்தைக் காப்பாற்றியது. 2011-ல் யெரெவானில் ஜார்ஜியா எடுத்த 108-லும் அந்த 12 சேர்த்திதான்; இரண்டாமிடத்து நெதர்லாந்துக்கு 103.

நேரலை பார்ப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நடுவர் பட்டியலில் கடைசியில் இருப்பவரிலிருந்து மேல்நோக்கி இணையப் புள்ளிகள் அறிவிக்கப்படும். மொத்தம் நிலையானது என்பதால், அறிவித்ததையெல்லாம் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். இரண்டு நாடுகள் மட்டும் மீதி, மிச்சம் 140, நடுவர் வாக்கில் முதலாமவர் 30 முன்னிலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் ஜெயிக்க 85-ஐத் தாண்ட வேண்டும். அவருடைய எண்ணைத் தொகுப்பாளர் படித்த நொடியிலேயே முடிவு தெரிந்துவிடும். கடைசி எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.