பத்தாவதாக இறங்குகிறவனுக்கும் ஹெல்மெட் வேண்டும்

"அவன் பௌலர்தானே கோச், எதுக்கு அவ்வளவு விலையில ஹெல்மெட்? கடைசியிலதானே இறங்குறான்!"

சிங்கப்பூரில் பதின்ம வயதுப் பையன்களுக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்வி வராத ஆண்டே கிடையாது. நான் பார்த்தவரையில் கடைசியில் இறங்குகிறவனுக்குத்தான் அடி அதிகம். எழும்பி வரும் பந்தைக் குனிந்து விடத் தொடக்க ஆட்டக்காரனுக்குத் தெரியும். பத்தாவது ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டுவான். பையன்களை விடுங்கள், 2020 டிசம்பரில் அடிலெய்டில் கடைசி விக்கெட்டுக்கு இறங்கிய ஷமிக்கே கம்மின்ஸ் பந்தில் கை எலும்பு முறிந்தது. இந்தியா 36 ரன்னில் சுருண்டதையே எல்லோரும் பேசினோம். தொடர் முழுவதற்கும் ஒரு முக்கிய பௌலரை இழந்தது பேட்டிங்கின்போதுதான் என்பதை மறந்துவிட்டோம்.

சரி, பாதுகாப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் 'கடைசியிலதானே'யில் இன்னொரு கோளாறும் இருக்கிறது.

எங்கள் பையன்கள் ஆடுவது செயற்கைப் பாயில், பெரும்பாலும் இருபது ஓவர் ஆட்டம். காலையில் பந்து எப்படி எழும்பியதோ மாலையிலும் அப்படியேதான். பாதி ஆட்டங்களில் பத்தாவது ஆள் பேட் கட்டியதோடு சரி. டெஸ்ட் ஆடுகளத்துக்கோ ஐந்து நாளில் வயதாகிவிடும். முதல் நாள் ஈரமும் புல்லும் இருந்தால் பந்து அலையும். காய்ந்து இறுகியபின் பேட்டிங் சுலபம். அப்புறம் வெடிப்பு விடும். வேகப்பந்து வீச்சாளர்களின் பூட்ஸ் ஆணி கிளறிப்போட்ட இடத்தில் விழும் பந்து எவ்வளவு திரும்பும் என்று வீசியவனுக்கே தெரியாது. போதாக்குறைக்கு 80 ஓவர் ஆனதும் புதுப் பந்து எடுக்கலாம். 'வால்' என்று நாங்கள் சொல்லும் கடைசி ஆட்டக்காரர்கள் இறங்குவதும் பல நேரம் அதே வேளையில்தான்.

வால் சேர்க்கும் ரன்னுக்கு என்ன மதிப்பு என்பது களத்தைப் பொறுத்தது. 2021 பிப்ரவரி சேப்பாக்கம் டெஸ்டில் பந்து கன்னாபின்னாவென்று திரும்பியது. இங்கிலாந்து எடுத்தது 134, அப்புறம் 164. அதே மண்ணில் சதமடித்த அஸ்வினோடு நின்று சிராஜ் கடைசி விக்கெட்டுக்குச் சேர்த்தது 49. என் கணக்கில் அது நூறுக்குச் சமம்.

பேட்டிங்குக்குச் சுலபமான தட்டையான களத்தில் வால் வேண்டாமா? 2025 ஜூனில் இங்கிலாந்தின் ஹெடிங்லியில் இந்தியா ஐந்து சதம் அடித்தும் தோற்றது. முதல் இன்னிங்ஸில் கடைசி 7 விக்கெட் 41 ரன்னுக்குப் போனது, இரண்டாவதில் கடைசி 6 விக்கெட் 31 ரன்னுக்கு. ஐந்தாம் நாளும் களம் கெடவில்லை. இங்கிலாந்து 371 ரன்னைத் துரத்திப் பிடித்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ராவல்பிண்டியில் தென்னாப்பிரிக்கா 235 ரன்னுக்கு 8 விக்கெட்டை இழந்தது, ஒன்பதாவது விக்கெட் விழுந்தது 306இல். தமிழ் வம்சாவளியான செனுரன் முத்துசாமி 89 நாட் அவுட், பதினோராவது ஆள் ரபாடா 71. இருவரும் கடைசி விக்கெட்டுக்கு 98 ரன் சேர்க்க, பாகிஸ்தானின் 333ஐத் தாண்டி 404. (முன்னால் இருந்த கோப்பி ஆறியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

பாயில் பழகியவன், பந்து ஒரே சீராக எழும்பும் என்று நம்பிவிடுகிறான். எங்கள் பத்தாம் எண் பையன் ஒருவன் சென்னையில் மண் பிட்சில் ஆடப்போய், மூன்று ஆட்டத்திலும் தாழ்ந்து வந்த பந்துக்கே போல்டாகித் திரும்பினான். அதற்குப் பிறகு வீட்டு வாசலில் போடும் பழைய தேங்காய்நார்க் கால்மிதி ஒன்றைக் கொண்டுவந்து, பந்து குத்தும் இடத்தில் போட்டுவிடுவேன். டென்னிஸ் பந்துதான். ஒன்று உருளும், ஒன்று மோவாய்க்கு வரும். வாரம் பதினைந்து நிமிடம், பௌலர்களுக்கு மட்டும். ரன் அடிக்க வேண்டாம், கடைசிவரை பந்தைப் பார்த்தால் போதும்.

2025 ஜூலை லார்ட்ஸ் டெஸ்ட் முடிந்தபோது இங்கே நள்ளிரவு நெருங்கிவிட்டது. இங்கிலாந்துக்கு எதிராக இந்தியாவின் இலக்கு 193. ஒருபக்கம் ஜடேஜா நிற்க, பும்ரா 54 பந்து தாங்கினார், சிராஜ் 30 பந்து. முப்பதாவது பந்தையும் சிராஜ் மட்டையின் நடுவில்தான் தடுத்தார். அது பின்னால் உருண்டுபோய் ஸ்டம்பைத் தொட்டு ஒரு பெயில் விழுந்தது. 22 ரன்னில் தோல்வி.

அந்தச் சனிக்கிழமை அதே பத்தாம் எண் பையன் முதல் ஆளாக வந்து நின்றான். "கோச், பந்து பின்னால உருண்டா காலால உதைக்கலாமா?"

"ஸ்டம்பைக் காப்பாத்தன்னா உதைக்கலாம். மட்டையாலயும் தள்ளலாம். மட்டையைப் பிடிக்காத கை மட்டும் படக்கூடாது."

அன்றைக்குக் கால்மிதியைத் தொடவில்லை. அரைமணி நேரம் நான் அவன் காலுக்குப் பின்னால் பந்தை உருட்டிவிட, அவன் திரும்பித் திரும்பி உதைத்துக்கொண்டிருந்தான்.