கலிங்கு இல்லாத ஏரி

பாகூர் ஏரியில் தண்ணீர் வற்றும் கோடையில் கரையை விட்டு இறங்கிச் சற்றுத் தூரம் நடந்தால், காலடியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைக் காணலாம். அதில் ஒன்றைப் பெயர்த்துக் கையில் எடுத்துப் பாருங்கள். மேற்பரப்பு எண்ணெய் தடவியதுபோல வழவழப்பாக இருக்கும். அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தால் மணல் நறநறவென உதிரும். வெள்ளம் சுமந்துவந்த மண்ணில் முதலில் அமிழ்ந்தது மணல், அதன்மேல் படிந்தது வண்டல், எல்லாவற்றுக்கும் கடைசியில் இறங்கியது களி. அந்த வரிசை மாறாமல் ஒரு விரற்கடைத் தடிமனுக்குள் அப்படியே பதிந்திருக்கிறது. இதே வேலை, நீர் வெளியேற வழியே இல்லாத ஒரு பள்ளத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் தொடர்ந்து நடந்தால் உருவாகும் நிலத்துக்குப் பிளாயா என்று பெயர்.

நம் பகுதியில் ஏரி என்றால் அதற்கு மதகும் கலிங்கும் உண்டு. பாகூரானாலும் வீராணமானாலும் நிரம்பி வழியும் உபரி நீர் ஏதோ ஓர் ஓடையைப் பிடித்து வங்கக் கடலைச் சேர்ந்துவிடும். மேற்கு அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தின் பெரும்பகுதியிலும் அதைச் சுற்றியுள்ள நிலங்களிலும் நிலைமை வேறு. அங்கே பெய்யும் மழை எந்தக் கடலையும் எட்டுவதில்லை. மலைத்தொடர்களுக்கு இடையே உள்ள பள்ளங்களில் தேங்கி, ஆவியாகிப் போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது. அது கொண்டுவந்த களியும் உப்பும் அங்கேயே தங்கிவிடுகின்றன.

கடைசிப் பனியுகத்தில் இப்பள்ளங்களில் பெரும் ஏரிகள் இருந்தன. வட அமெரிக்காவின் வடபகுதியை மூடியிருந்த பனிப்பாளம் மழை கொண்டுவரும் காற்றோட்டத்தைத் தெற்கே தள்ளியது. குளிர்ச்சியால் ஆவியாதலும் குறைந்தது. நெவாடாவின் லஹோன்டன் ஏரி தன் உச்சக் காலத்தில் சுமார் 22,000 சதுர கிலோ மீட்டர் பரந்திருந்தது. அதாவது கடலூர் மாவட்டத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. பருவநிலை மாறியதும் அது சுருங்கி, பிரமிட் ஏரி, வாக்கர் ஏரி போன்ற சில எச்சங்களை மட்டும் விட்டுச் சென்றது. ஒரு காலத்தில் சுமார் 150 மீட்டர் நீருக்கடியில் இருந்த பிளாக் ராக் பாலைவனம் இன்று காய்ந்த களித்தரை. 1997 அக்டோபர் 15 அன்று ஆண்டி கிரீன் ஓட்டிய திரஸ்ட் எஸ்எஸ்சி ஊர்தி, அந்தத் தரையின்மீதுதான் மணிக்கு 1,227.985 கிலோ மீட்டர் வேகத்தை எட்டி, நிலத்தில் ஒலியை விஞ்சியது.

அவ்வளவு வேகத்தைத் தாங்கும் சமதளத்தை யார் சமன் செய்தது என்பதே இதில் என்னை மிகவும் ஈர்க்கும் கேள்வி. களித்துகளின் குறுக்களவு 0.002 மில்லி மீட்டருக்கும் குறைவு. நீரில் துகள் அமிழும் வேகம் அதன் குறுக்களவின் இருமடியைப் பொறுத்தது என்பதால், மணல் சில நொடிகளில் கடக்கும் தூரத்தைக் களி கடக்க நாட்கள் ஆகும். அசையாத நன்னீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க, களி வகையில் பெரிய துகளுக்கே மூன்று நாட்களுக்கு மேல் பிடிக்கும். இவ்வளவு மெதுவாக இறங்குவதால் களி நீர் பரவும் இடமெங்கும் பரவுகிறது. பள்ளமான இடத்தில் கலங்கல் நீர் ஆழமாகவும் நீண்ட நாளும் நிற்பதால் அங்கே களி கூடுதலாகப் படிகிறது. மேட்டில் குறைவாகப் படிகிறது. ஒவ்வொரு வெள்ளமும் சில அங்குல நீரைப் பரப்பி, காற்று அந்த நீரை இப்படியும் அப்படியும் தள்ள, நிலம் மறுபடி மட்டமாகிறது. கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் உள்ள ரேஸ்ட்ராக் பிளாயா சுமார் 4.5 கிலோ மீட்டர் நீளமுள்ளது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதன் வடமுனைக்கும் தென்முனைக்கும் உள்ள உயர வேறுபாடு சில சென்டி மீட்டர்தான்.

நீர் வடிந்த பின் வெடிப்புகள் தோன்றுகின்றன. காயும் களி சுருங்க முயல்கிறது; அடியில் உள்ள ஈர மண் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த இழுவிசை தாங்க முடியாத இடத்தில் மண் கிழிகிறது. முதல் வெடிப்புக்கு இருபுறமும் இழுவிசை தளர்ந்துவிடுவதால், அடுத்து வரும் வெடிப்பு அதைச் செங்கோணத்தில் வந்து முட்டுகிறது. எனவே புதிதாகக் காய்ந்த ஏரித்தரையில் பெரும்பாலும் நாற்கட்டங்களைக் காண்போம். ஆனால் நனைவதும் காய்வதும் பலமுறை மாறி மாறி நடக்கும்போது, பழைய வடுக்களிலேயே மீண்டும் பிளந்து, முட்டுமிடங்கள் சிறிது சிறிதாக நகர்ந்து, மூன்று வெடிப்புகள் 120 பாகைக் கோணத்தில் கூடும் அறுகோணங்களாக அவை மாறுகின்றன. ரேஸ்ட்ராக் தரை முழுவதும் தேன்கூடுபோல் தோன்றுவது இதனால்தான். சில பாளங்களின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். மொட்டைமாடியில் வேட்டித் துணி விரித்துக் கூழ் வற்றல் பிழிந்து காய வைத்தவர்களுக்கு இது புதிதல்ல: வெயில் படும் மேற்புறம் முதலில் காய்ந்து அதிகம் சுருங்குகிறது, அடிப்புறம் ஈரத்தோடு விரிந்தே இருக்கிறது, ஓரம் எழும்புகிறது.

ரேஸ்ட்ராக் உலகப் புகழ் பெற்றது அதன் கற்களால். தரையில் நீண்ட தடத்தை விட்டுத் தாமாக நகர்ந்ததுபோல் அவை கிடந்தன. சில ஒரு மனிதனால் தூக்க முடியாத எடை கொண்டவை. பல பத்தாண்டுகளாக நீடித்த புதிருக்கு 2013 டிசம்பரில் விடை கிடைத்தது. ஜிபிஎஸ் கருவி பொருத்திய கற்களை அங்கே வைத்திருந்த ரிச்சர்ட் நோரிஸ், ஜேம்ஸ் நோரிஸ் இருவரும் கற்கள் நகர்வதை நேரில் கண்டு, 2014இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். தரையில் ஆழமில்லாத நீர் தேங்குகிறது. குளிர்கால இரவில் அதன் மேற்பரப்பு சில மில்லி மீட்டர் தடிமனுக்கு உறைகிறது. காலை வெயிலில் அந்தப் பனித்தகடு பெரிய துண்டுகளாக உடைகிறது. நொடிக்கு 4 அல்லது 5 மீட்டர் வேகமுள்ள, நம் கடற்கரை மாலைக் காற்றைப் போன்ற மெல்லிய காற்றே அத்துண்டுகளை நகர்த்த, அவை கற்களை நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர் வேகத்தில் வழுக்கும் சேற்றின்மேல் தள்ளிச் செல்கின்றன. புயல் தேவைப்படவில்லை.

அங்கே செல்ல விரும்புவோர் தயாராகவே செல்ல வேண்டும். உபெஹீபி எரிமலை வாயிலிருந்து சுமார் 40 கிலோ மீட்டர் தார் போடாத பாதை. கூர்க்கற்கள் டயரைக் கிழிப்பது வழக்கம். கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. குடிநீர் கையோடு கொண்டுபோக வேண்டும். களித்தரையில் வாகனம் ஓட்டத் தடை உள்ளது. தரை ஈரமாக இருந்தால் நடக்கவும் கூடாது. கற்களின் தடங்களைக் காத்துவைத்திருக்கும் அதே பொருக்கு, ஈரத்தில் பதிந்த செருப்புத் தடத்தையும் அடுத்த பெரிய வெள்ளம் வந்து புதுக் களியால் மூடும்வரை, பல ஆண்டுகளுக்கு அப்படியே காத்து வைத்திருக்கும்.

பிளாக் ராக்கில் அந்த வெள்ளத்துக்காகக் காத்திருக்கும் உயிர்களும் உண்டு. தேவதை இறால் எனப்படும், இறாலைப் போன்ற சிறிய உயிரினத்தின் முட்டைகள் காய்ந்த களிக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. நீர் தேங்கிய சில நாட்களில் அவை பொரித்து, ஏரி மறுபடி ஆவியாகி முடிவதற்குள் வளர்ந்து, அடுத்த தலைமுறைக்கான முட்டைகளைக் களியிலேயே இட்டு மடிகின்றன.