அப்பாவுக்குச் சிகரெட் வாங்க வந்த சிறுவன்

சுகாதார ஆய்வாளர் என்ற முறையில் பல ஆண்டுகளாகப் பெட்டிக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் சென்று வருகிறேன். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது தெரியாது என்று சொல்லும் கடைக்காரரை இப்போது நான் காண்பது அரிது. அந்த ஒரு வரியைத் தாண்டிப் பேச்சை வளர்க்கும்போதுதான், அவர்கள் அறிந்திருப்பது எவ்வளவு குறைவு என்பது புலப்படுகிறது.

ஒரு மாலை, கடைக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோதே பள்ளிச் சீருடையில் வந்த சிறுவன், கைக்குள் மடித்து வைத்திருந்த ரூபாய் நோட்டை நீட்டி இரண்டு சிகரெட் கேட்டான். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவங்க அப்பாவுக்குத்தான் சார், தெனமும் வந்து வாங்கிட்டுப் போவான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பழகிய குடும்பத்துக்குச் செய்யும் உதவியாகவே அவர் அதை நினைத்தார். "அண்ணாச்சி, யார் பிடிக்கிறாங்கன்னு சட்டம் கேக்கலை, யார் கையில வித்தீங்கன்னுதான் கேக்குது" என்றேன்.

சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003இன் 6ஆம் பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும், கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், யாருக்குமே விற்பதையும் தடை செய்கிறது. இந்தத் தூரத்தைப் பள்ளி வாசலிலிருந்து நடந்து வரும் பாதையாகவே பலரும் கணக்கிடுகிறார்கள். சுற்றுச்சுவரின் வெளி எல்லையிலிருந்து ஆரமாக அளக்க வேண்டும் என்பதே விதி. வாசலுக்கு வர இரண்டு தெரு சுற்ற வேண்டியிருந்தாலும், பள்ளியின் பின்சுவரை ஒட்டிய கடை தடைக்குள்தான் வரும்.

வாங்குபவர் சிறுவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவருடையது. ஐயம் எழுந்தால் வயதுச் சான்றைக் கேட்கலாம். சிறுவர்களுக்கு விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அறிவிக்கும் 60க்கு 30 சென்டிமீட்டர் பலகையும் பார்வையில் படும்படி இருக்க வேண்டும். நான் பார்த்த கடைகள் பலவற்றில் அது இல்லை. இருந்த சிலவற்றிலும் ஷாம்பு சரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. 18 வயது நிரம்பாதவர் புகையிலைப் பொருளைக் கையாளவோ விற்கவோ கூடாது என்ற விதியைச் சொன்னால் பெரும்பாலோர் திகைத்துப்போகிறார்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளையைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது அவர்களுக்கு அத்தனை இயல்பான செயல்.

தண்டனையைப் பற்றியும் பாதிச் செய்தியே அவர்களிடம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் 200 ரூபாய் வரைதான். அதைக் கட்டிவிட்டு மறுநாளே விற்பனையைத் தொடர்பவர்களை நான் அறிவேன். ஆனால் இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 77ஆம் பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. இதை வாசித்துக் காட்டும்போது கடைக்காரர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. ஆயினும், ஏழை வியாபாரி ஒருவர் அறியாமையால் இந்த வழக்கில் சிக்குவதை விட முன்பே அறிந்துகொள்வது நல்லது.

பெட்டியைப் பிரித்துச் சிகரெட்டை ஒன்றிரண்டாக விற்கும் சில்லறை விற்பனைதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. பெட்டியில் 85 சதவீத இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படம், ஒற்றைச் சிகரெட்டாக வாங்கும் பிள்ளையின் கைக்கு வருவதே இல்லை. தின்பண்டத்துக்குக் கொடுத்த காசும் அதற்குப் போதுமானதாகிவிடுகிறது. 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள்.

அன்று அந்த அண்ணாச்சி, "நான் இல்லைன்னா பையன் அடுத்த கடையில வாங்குவான், அவங்க அப்பாவும் அங்கேயே போயிடுவாரு சார்" என்றார். நியாயமான அச்சம்தான். அதனால் அந்த வாரமே அத்தெருவின் கடைக்காரர்கள் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினோம். பிள்ளைகளைச் சிகரெட் வாங்க அனுப்ப வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்திலும் கேட்டுக்கொண்டோம். அடுத்த முறை நான் போனபோது, அண்ணாச்சி பலகையைக் கல்லாவுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்.