எம்ஆர்டி வேலை முடிந்த சாலை: யாரிடம் என்ன கேட்கலாம்?

கோலாலம்பூரில் எம்ஆர்டி எனும் நகர ரயிலின் காஜாங் தடம் 9.5 கிலோமீட்டரும் புத்ராஜெயா தடம் 13.5 கிலோமீட்டரும் நிலத்தடியில் ஓடுகின்றன. சுரங்கத்தை இயந்திரம் அடியிலேயே குடைந்துவிடும். நிலையம் அப்படி இல்லை; புக்கிட் பிந்தாங்கில் நடந்ததுபோல் மேலிருந்து பள்ளம் தோண்டித்தான் கட்ட வேண்டும். மின்கம்பி, தண்ணீர்க் குழாய், சாக்கடை எல்லாம் முதலில் இடம் மாறும். கூரைத் தளம் போட்டு, அதன் மேல் மண் நிரப்பிய பிறகுதான் சாலை திரும்பி வரும். அந்த மண்ணைச் சரியாக இறுக்காவிட்டால், பளபளவென்று போட்ட தார் கொஞ்ச நாளில் அமுங்கிவிடும்.

பொதுச் சாலை, கால்வாய், நடைபாதை எல்லாம் டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகர மன்றத்தின் பொறுப்பில் இருப்பவை. தடுப்பு வேலி நிற்கும்வரை குழி, வழுக்கல், அடைப்பு பற்றிய புகாரை எம்ஆர்டி நிறுவனத்திடம் கொடுங்கள். வேலை முடிந்து சாலையை ஒப்படைத்த பிறகு டிபிகேஎல்லிடம் போக வேண்டும். ஒப்படைப்பு எப்போது என்று தெரியவில்லையா, இரண்டு பேருக்குமே எழுதுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்; படமும் தேதியும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள்.

சொந்த நிலத்தின் கதை வேறு. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, பொதுத் தேவைக்காகத் தனியார் நிலத்தைத் தற்காலிகமாகவும் எடுத்துப் பயன்படுத்தலாம், அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு. அதற்கு இழப்பீடு உண்டு. நிலத்துக்குச் சேதம் வந்திருந்தால் அதையும் கேட்கலாம். நிரந்தரமாக எடுத்து, தொகை போதாது என்று தோன்றினால், இழப்பீட்டுத் தொகையை அறிவிக்கும் 'எச்' பாரத்தில் ஆட்சேபத்துடன் ஏற்பதாகக் குறித்துவிட்டு, நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கும் 'என்' எழுத்துப் பாரத்தை நில நிர்வாகியிடம் கொடுக்க வேண்டும். நில நிர்வாகியின் விசாரணைக்கு நேரில் போனவருக்கு, அவர் இழப்பீட்டைத் தீர்மானித்த தேதியிலிருந்து 6 வாரம்தான். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வாடகைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: உரிமையாளர் விரும்பும்வரை இருக்கலாம் என்ற ஏற்பாட்டில் இருப்பவரை இச்சட்டம் இழப்பீட்டுக்கு உரியவராகக் கருதுவதில்லை. கால வரம்புள்ள எழுத்து ஒப்பந்தம் இருந்தால் பேச இடம் உண்டு. நிலமே எடுக்கப்படாத கடைக்கு, வேலி மறைத்து வியாபாரம் படுத்ததற்கு இந்தச் சட்டத்தில் பணம் கிடையாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் நிலைமை இதுதான்.

அடுத்து வரவிருப்பது எம்ஆர்டி 3, 51 கிலோமீட்டர் வட்டப் பாதை. தித்திவங்சா, செத்தியாவங்சா வழியாகப் போகும். ரயில் திட்டத்தை 3 மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டு தரைவழிப் பொதுப் போக்குவரத்துச் சட்டம். இந்தத் திட்டத்துக்கு அது 2024 செப்டம்பரில் தொடங்கியது. பள்ளம் தோண்டும் முன் அக்கம்பக்கக் கட்டடங்களின் விரிசல், சாய்வு எல்லாவற்றையும் படமெடுத்துப் பதிவது வழக்கம். பின்னால் 'இந்த விரிசல் முன்பே இருந்தது' என்று சொன்னால், மறுக்க உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான். படமெடுக்க வருபவர்கள் வரும் நாளில் கடையைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.